ஊஞ்சல் கொக்கியும் 407 இன்ஜினும்

எங்கள் வீட்டு போர்ட்டிகோவின் கூரையில் ஒரு கொக்கி இருக்கிறது. வீடு கட்டும்போது கூடை ஊஞ்சல் மாட்ட வேண்டும் என்று அம்மா கேட்டதால், கான்கிரீட் போடுவதற்கு முன்பே கம்பியை வளைத்துக் கட்டியது. 2024 மே மாதம் எங்கள் டாடா 407 மினி லாரி இன்ஜின் உடைந்து வாசலில் வந்து நின்றபோது, அப்பா முதலில் அண்ணாந்து பார்த்தது அந்தக் கொக்கியைத்தான்.

"இதுல செயின் பிளாக்கை மாட்டித் தூக்கிட்டா என்ன?" என்றார். செயின் பிளாக் என்பது சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி.

எங்கள் மெக்கானிக் பாய் கொக்கியைப் பார்த்தார். கூரையின் ஓரத்துக்குப் போய் அதன் கனத்தை விரலால் அளந்தார். "அண்ணே, இது ஒருத்தர் ரெண்டு பேர் உக்காந்து ஆடறதுக்குப் போட்ட கம்பி. இதுல இன்ஜினைத் தொங்கவிட்டுட்டு கீழ நான் நிக்க மாட்டேன். உங்களையும் நிக்க விட மாட்டேன்."

எங்களிடம் ஸ்பேனர் இருந்தது. கை கொடுக்க ஆள் இருந்தது. நாற்பது வருஷம் லாரி வேலை பார்த்த பாய் இருந்தார். ஒர்க்‌ஷாப்பில் யாருமே நின்று கவனிக்காத சில விஷயங்கள்தான் இல்லை. பாரத்தைத் தாங்க மேலே ஒரு பிடி, கீழே சமமான சிமெண்ட் தரை, மழை வந்தால் ஒதுங்க ஒரு கூரை. இவற்றுக்கு மாற்று தேடித்தான் எங்களுடைய பதினோரு நாளில் பாதி போனது. சொந்த வண்டியை வீட்டு வாசலில் வைத்து இன்ஜின் மாற்றும் வேலையைச் செய்யலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இன்ஜின் ஏன் உடைந்தது என்று சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்திலேயே கடலில் மெதுவாக நகர்ந்தது. மாதவரத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் வண்டியின் பம்பரைத் தொட்டது. தண்ணீரில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று 2015 வெள்ளத்திலேயே எல்லோரும் கற்றுக்கொண்டதுதான், நானும் செய்யவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து ரோடு தெரிந்தது. டயரெல்லாம் காய்ந்திருந்தது. சரி, இனி பயமில்லை என்று சாவியைத் திருப்பினேன். இன்ஜின் அரைச் சுற்று சுற்றியிருக்கும். "டொக்" என்று ஒரே ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது.

வெளியே காய்ந்திருந்தாலும் ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றைப் பதினேழு பதினெட்டில் ஒரு பங்காக நெருக்குகிறது. காற்று நெருங்கிக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. மேலே போக வழியில்லாத பிஸ்டனை, கீழே சுற்றும் தண்டான கிராங்க் தள்ளும்போது, நடுவில் மாட்டிக்கொள்வது இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட்தான். அது வளையும்.

பாய் வந்து டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிவிட்டு, இன்ஜினைக் கையால் சுற்றச் சொன்னார். ஒரு ஓட்டையிலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது. ஆயிலை இறக்கினால் பால் அதிகம் ஊற்றிய டீ நிறத்தில் வந்தது. மூன்று தடவை ஆயில் மாற்றினோம். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் காலையில் முதல் பத்து நிமிஷம் வெள்ளைப் புகை, ஐட்லிங்கில் ஒரு தடுமாற்றம். வளைந்த ராட் கொஞ்சம் குட்டையாகிவிடும், அதனால் பிஸ்டன் முழு உயரத்துக்கு வராது, அந்த ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறையும். "தம்பி, இதைப் பிரிச்சுப் பாக்கணும்" என்று பாய் அன்றைக்கே சொன்னார். முன்னால் பொங்கல் சீசன் இருந்தது. கோயம்பேட்டில் கரும்பு, மஞ்சள் கொத்து, பூசணி என்று ராத்திரி பகலாக லோடு. அப்புறம் பார்க்கலாம் என்றேன். அப்படியே ஐந்து மாதம் ஓட்டினேன்.

மே முதல் வாரம், பாடி மேம்பாலத்தில் தக்காளி லோடுடன் ஏறும்போது அந்த ராட் முறிந்தது. முறிந்த துண்டு பிளாக்கின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. குனிந்து பார்த்தால் கை முஷ்டி போகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே கிராங்க் தெரிந்தது. பாலத்தில் ஆயில் வழிந்து ஓடியது. பின்னால் டூவீலர்கள் வழுக்கிவிடக் கூடாதே என்று பக்கத்திலிருந்து மண் அள்ளிப் போட்டோம். தக்காளியை வேறு வண்டிக்கு மாற்றிக் கொடுத்தேன்.

பிளாக் உடைந்தால் ரீபோர், ரிங் மாற்றம் என்று எதுவும் செய்ய முடியாது, இன்ஜினையே மாற்ற வேண்டும். எங்களிடம் இருந்தது தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்தான், அதில் நம் வண்டிக்கு ஒரு பைசா வராது. ஃபுல் இன்ஷூரன்ஸ் எடுத்தவர்களும் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால், அதற்கென்று தனி கவர் எடுத்திருந்தால் தவிர கிளெய்ம் கிடைப்பது கஷ்டம்.

வண்டி 2011-ல் எடுத்தது. எட்டு வருஷம் தாண்டிவிட்டதால் வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று. இதற்கு இவ்வளவு செலவு தேவையா, கடன் வாங்கிப் புது வண்டி எடுத்தால் என்ன என்று மச்சான் கேட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். புது வண்டியின் மாதத் தவணையை நினைத்தால் தூக்கம் வராது. தவிர பழைய இன்ஜினில் எல்லாமே கைக்கும் காதுக்கும் அடங்குகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார், கம்ப்யூட்டர், புகையைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு என்று நிறைய வந்துவிட்டது. ஊருக்கு நல்லதுதான். ஆனால் ஸ்கேனர் இல்லாமல் அந்த இன்ஜினை வாசலில் வைத்து மாற்ற முடியாது என்று பாய் சொல்கிறார்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேபர் மட்டும் 35 ஆயிரம், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். பாய்க்கு இப்போது ஷெட் இல்லை. ரோட்டோரம் வைத்திருந்த இடம் போன பிறகு, டூல்ஸை டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து வேலை செய்கிறார். வட சென்னையில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய அசோக் லேலண்ட், செம்பியத்தில் சிம்சனும் இந்தியா பிஸ்டன்ஸும், பாடியில் போல்ட்டு நட்டு செய்யும் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என்று ஒரு இன்ஜினின் பாதி பாகங்கள் இந்தப் பக்கத்தில்தான் உருவாகின்றன. அந்தக் கம்பெனிகளில் வேலை பழகியவர்களும், அவர்களிடம் வேலை பழகியவர்களும் எங்கள் தெருக்களில்தான் இருக்கிறார்கள். பாயும் அப்படிப் பழகியவர்தான்.

"உங்க வாசல்லயே பண்ணிடலாம் தம்பி. ஆனா நான் சொல்றத எல்லாரும் கேக்கணும்" என்றார்.

இன்ஜின் வாங்க புதுப்பேட்டை போனோம். எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில், கூவத்தை ஒட்டி இருக்கும் இந்தச் சந்துகளில் வண்டியின் எந்தப் பாகமும் கிடைக்கும். முதல் கடையில் காட்டிய இன்ஜின் பார்வைக்கு அருமையாக இருந்தது. சில்வர் பெயின்ட் அடித்து, விலையும் குறைத்துச் சொன்னார்கள். பாய் பெயின்டைப் பார்க்கவே இல்லை. பிளாக்கின் பக்கவாட்டில் நம்பர் அடித்திருக்கும் இடத்தைத் துணியால் துடைத்து, விரல் நுனியை மெதுவாக ஓட்டினார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். நம்பருக்கு மேலும் கீழும் இரும்பு வார்ப்பின் சொரசொரப்பு, நம்பர் இருக்கும் பட்டையில் மட்டும் வழவழப்பு. கிரைண்டர் ஓடிய இடம். "வா, போலாம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இருக்கின்றன. இன்ஜினை மாற்றினால் அந்த நம்பரையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறைப்படி மாற்ற வேண்டும். நம்பர் அழித்த இன்ஜின் எங்கிருந்து வந்ததோ யாருக்குத் தெரியும். எஃப்.சி.யில் மாட்டும், விபத்து ஏதாவது நடந்தால் அதைவிட மோசமாக மாட்டும். பில், இன்ஜின் எந்த வண்டியிலிருந்து இறக்கியதோ அந்த வண்டியின் காகித நகல் இரண்டும் இல்லாமல் வாங்கக் கூடாது என்பதில் பாய் உறுதியாக இருந்தார்.

நான்காவது கடையில் கிடைத்தது. பெயின்ட் இல்லை, மேலெல்லாம் கரியும் மண்ணும். பாய் முன்புறக் கப்பியில் ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றினார். ஒவ்வொரு சிலிண்டரும் ஒரே மாதிரி எதிர்த்துத் தள்ளுகிறதா என்று கை சொல்லிவிடும். டேப்பட் கவரைத் திறந்தார், உள்ளே தார் மாதிரி கசடு இல்லை. ஃப்ளைவீல் பக்கம் ஒரு ராடை நெம்பிக் கிராங்க் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பார்த்தார். கடைசியில் அடியில் ஆயில் தேங்கும் சம்பின் போல்ட்டைக் கழற்றி, வடிந்த கொஞ்சம் ஆயிலைக் கையில் ஏந்தி வெயிலில் சாய்த்தார். பேரிங் தேய்ந்திருந்தால் அதில் சரிகை மாதிரி மினுமினுப்பு தெரியும். தெரியவில்லை. 85 ஆயிரத்துக்கு முடிந்தது. அப்படியே ஜி.பி. ரோட்டுக்குப் போய் ஆயில் சீல்கள், பேக்கிங் செட், கிளச் பிளேட், பைலட் பேரிங், மவுண்டிங் ரப்பர் எல்லாம் புதிதாக வாங்கினோம். இன்ஜின் வெளியே இருக்கும்போது மாற்றினால் சில நூறு ரூபாய் வேலை. பூட்டிய பிறகு ஒரு பின்பக்க ஆயில் சீல் ஒழுகினாலும் திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

இனி இடம். எங்கள் தெரு இருபதடி. தெருவில் வைத்துச் செய்ய முடியாது. பக்கத்துக் காலி மனைக்காரரிடம் போனில் கேட்டோம், பெரிய மனசு பண்ணி சரி என்றார். ஆனால் அது மணல் தரை. மணலில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். உடைந்த கட்டடம் ஒன்றிலிருந்து கான்கிரீட் பலகைகளும், ஒரு மரக்கடையிலிருந்து கனமான கட்டைகளும் கொண்டுவந்து பரப்பினோம். டயர் ஓட இரண்டு வரிசை பிளைவுட். எதிர்வீட்டு அக்கா தினமும் கோலம் போடும் இடத்தின் மேல்தான் வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தது. "பத்து நாளைக்கு படியிலேயே சின்னதா போட்டுக்கறேன்பா, நீங்க பாருங்க" என்றார். மதியம் மோர் கொடுத்ததும் அவர்தான்.

மேலே பிடிக்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் அலைந்தோம். வழி காட்டியது, எங்கள் தெருவிலேயே போர்வெல் மோட்டார் ரிப்பேர் செய்யும் தம்பி. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரையும் பைப்பையும் தூக்க அவர்கள் மூன்று கால் வைத்த இரும்பு ஸ்டாண்டும் செயின் பிளாக்கும் வைத்திருக்கிறார்கள். நாள் வாடகை 500 ரூபாய். மூன்று கால்களும் பாரம் ஏறினால் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அதனால் கால்களின் அடியைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டி, ஒவ்வொரு காலுக்குக் கீழும் இரும்புத் தகடு வைத்தோம். முதலில் பழைய இன்ஜினைத் தூக்கவே இல்லை. அதற்குப் பதிலாக வண்டியின் முன்பக்கத்தையே அரையடி தூக்கி, ஐந்து நிமிஷம் அப்படியே விட்டு, கால்கள் புதைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாய் திருப்தியானார்.

கழற்றும் வேலை கத்திரி வெயிலில் நடந்தது. காலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்கு ஸ்பேனரைத் தொட முடியாது. திரும்ப நாலு மணிக்குமேல். இன்ஜினைக் கழற்றுவது என்று சொல்கிறோமே தவிர, இன்ஜினில் கை வைக்கவே மூன்று நாள் ஆகிவிட்டது. பானட், முகப்பு, ரேடியேட்டர், ஹோஸ்கள், ஃபேன், டைனமோ, செல்ஃப் மோட்டார், சைலன்சர் பைப், டீசல் லைன், கேபிள்கள் என்று ஒவ்வொன்றாக வர வேண்டும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் நான் போனில் படம் எடுத்தேன். அப்பா மளிகைக் கடையிலிருந்து முட்டை அட்டைகள் நாலு வாங்கி வந்தார். ஒரு அட்டையில் முப்பது குழி. ஒரு குழிக்கு ஒரு இடத்தின் போல்ட்டுகள், பக்கத்தில் பேனாவால் பெயர். ஒரே தடிமனில் மூன்று நீளத்தில் போல்ட் வரும் இடங்கள் இருக்கின்றன. குட்டை போல்ட் இருந்த இடத்தில் நீளமானதைப் போட்டு முறுக்கினால் உள்ளே வார்ப்பு உடையும். பிளாஸ்டிக் டப்பாவில் மொத்தமாகக் கொட்டி வைக்கிறவர்கள் பிறகு அழுவார்கள்.

407-ல் கேபின் கவிழாது. இன்ஜினின் பின்பாதி கேபினுக்குள், இரண்டு சீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நேர் மேலே தூக்க வழியில்லை. முன்பக்கமாக இழுத்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் ஸ்டாண்டோ நின்ற இடத்தில் நிற்கும், நகராது. கால் டன்னைத் தாண்டும் இன்ஜின் தொங்கும்போது ஸ்டாண்டை நகர்த்த நினைப்பது பைத்தியக்காரத்தனம்.

"இன்ஜின் அங்கயே நிக்கட்டும். வண்டியைப் பின்னால நகத்துங்க" என்றார் பாய்.

கியர் பாக்ஸுக்குக் கீழே கட்டை கொடுத்துத் தாங்கிவிட்டு, இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளை எடுத்தோம். சேஸிஸ் மேல் கிரீஸ் தடவிய இரண்டு மரப்பலகை, அதன் மேல் இன்ஜினின் பின்பக்கம். முன்பக்கம் செயின் பிளாக்கில். ஆறு பேர் வண்டியின் முன்னால் நின்று பின்பக்கமாகத் தள்ளினோம். காலியாக இருந்தாலும் இரண்டு டன்னுக்கு மேல் கனம். ஒரு சாண் தள்ளியதும் பாய் கையைத் தூக்குவார். உடனே மச்சான் டயருக்குக் கட்டை கொடுப்பான். சங்கிலியை இரண்டு இழுப்பு. திரும்ப ஒரு சாண். பாதி வெளியே வந்ததும் பின்பக்கக் கொக்கியிலும் வயர் ரோப்பை மாட்டினோம். பிறகு இன்ஜின் முழுசாகத் தொங்க, வண்டி அதனடியிலிருந்து மெதுவாக நழுவிப் பின்னால் போனது. ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க பாய் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அடியில கை, கால், தலை எதுவும் போகக் கூடாது." கீழே ஒரு ஸ்பேனர் விழுந்தபோது நான் பழக்கத்தில் குனிந்துவிட்டேன். என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். இரண்டாயிரம் ரூபாய் ஸ்பேனராக இருந்தாலும் பாரம் இறங்கும்வரை அது அங்கேயே கிடக்கட்டும். வீட்டில் வேலை செய்கிறவர்கள் இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இறக்கிய ஆயிலை ஒரு சொட்டுக் கூட சாக்கடையில் விடவில்லை. எங்கள் பக்கம் நிலத்தடித் தண்ணீரை நம்பி இருக்கும் வீடுகள் நிறைய, புழல் ஏரி கொஞ்ச தூரம்தான். அதே மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகுகளும் வலைகளும் கறுத்துப்போனதை நேரில் பார்த்தவன் நான். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கிறவரிடம் கொடுத்தோம். மணலில் சிந்தியதை மணலோடு அள்ளி மூட்டை கட்டினோம்.

புது இன்ஜினை உள்ளே விடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். ஒரே மாடல்தான். ஆனாலும் மவுண்டிங் பிராக்கெட்டில் ஒரு ஓட்டை தள்ளி இருந்தது, ஆயில் ஃபில்டர் உட்காரும் கோணம் வேறு. நம்முடையதைக் கழற்றி அதில் மாட்ட வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. மனையோரம் சுருட்டிக் கிடந்த ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனரை விரித்து, நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து நின்றோம். இன்டேக், கியர் பாக்ஸ் வாய் எல்லாவற்றிலும் துணி அடைத்திருந்தோம். எத்தனை துணி என்று அப்பா எண்ணி எழுதி வைத்தார்: ஏழு. பூட்டும்போது ஏழும் வெளியே வந்தனவா என்று எண்ணிப் பார்த்தோம்.

கடைசி அரை இன்ச்சில்தான் ரொம்ப நேரம் போனது. கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட், கிளச் பிளேட்டின் பல் வழியாகப் போய், ஃப்ளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங்கில் உட்கார வேண்டும். கிளச் பிளேட்டை நடுவாக வைக்க பாய் ஒரு பழைய ஷாஃப்ட்டையே டம்மியாக வைத்துத்தான் முறுக்கினார். அப்படியும் இன்ஜின் முக்கால் பாகம் உள்ளே போய், பெல் ஹவுசிங்குக்கு விரல் கனம் இடைவெளி விட்டு நின்றுவிட்டது. மணி ஒன்பது. எல்லோருக்கும் களைப்பு. "நாலு பக்கமும் போல்ட் போட்டு இழுத்துடலாமே" என்றான் மச்சான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"இழுத்தா மூடிக்கும். கிளச் பிளேட்டோட நடுமண்டை நசுங்கும், இல்ல ஹவுசிங் காது உடையும். நாளைக்கு வண்டி கியர் எடுக்காது" என்றார் பாய். கியரைப் போடச் சொன்னார். பின்சக்கரத்துக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்ட் கழன்றிருந்ததால் கியர் பாக்ஸின் பின்பக்கத் தட்டைக் கையால் திருப்ப முடிந்தது. நான் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துத் தட்டைத் திருப்பினேன். பாரம் அப்போது என் தலைக்கு நேரே இல்லை, கட்டைகள் மேல் இருந்தது. பாய் முன்னால் நின்று இன்ஜினின் பின்பக்கத்தை ஒரு நூல் ஏற்றி, ஒரு நூல் இறக்கிப் பார்த்தார். டார்ச் வெளிச்சத்தில் இடைவெளி மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் தெரிந்தது. சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி இறக்கினார். இடைவெளி சுற்றிலும் சமமானது. "திருப்பு... மெதுவா... இன்னும் மெதுவா." தட்டு என் கையில் லேசாக இடறியது, பல்லும் பல்லும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கிற மாதிரி. அடுத்த நொடி இன்ஜின் தானாகப் பின்னால் வந்து "டப்" என்று உட்கார்ந்தது. யாரும் தள்ளவில்லை. வெளியே வந்து பார்த்தபோது அப்பா ஹவுசிங்கின் சேர்க்கையில் நகத்தை வைத்துச் சுற்றிலும் ஓட்டிக்கொண்டிருந்தார். நகம் எங்கும் உள்ளே போகவில்லை.

பதினோராம் நாள் ஸ்டார்ட் செய்தோம். ஆயில், கூலன்ட் ஊற்றி, டீசல் லைனில் பிரைமரை அமுக்கி அமுக்கி ஏர் எடுத்தோம். குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டும். முதலில் டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து, ஸ்டார்ட் ஆகாமல் சும்மா சுற்றி, ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறட்டும் என்பது திட்டம். சாவியைத் திருப்பினேன். "டிக், டிக்" என்றது. சுற்றவில்லை. திரும்பத் திருப்பினேன். ரப்பர் எரிகிற வாடை. ஆக்சிலேட்டர் கேபிளின் உறை இளகிப் புகைந்துகொண்டிருந்தது.

"விடு, விடு! பேட்டரியை எடு!" என்று பாய் கத்தினார்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு எல்லோரும் நின்றோம். ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் கரன்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் விழித்தேன். அப்பாதான் முட்டை அட்டைகளை எடுத்து வந்தார். மூன்று அட்டைகள் காலி. நான்காவதில் கடைசிக் குழியில் ஒரு போல்ட்டும் ஒரு நட்சத்திர வாஷரும். பக்கத்தில் எழுதியிருந்த பெயர் டீசல் பட்டு அழிந்திருந்தது. நட்சத்திர வாஷரைப் பார்த்ததுமே பாய்க்குத் தெரிந்துவிட்டது. இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பட்டை இல்லையென்றால் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரின் அவ்வளவு கரன்ட்டும் திரும்பிப் போக வேறு இரும்பு தேடும். கிடைத்தது மெல்லிய ஆக்சிலேட்டர் கேபிள். பட்டை சேஸிஸ் ஓரத்தில் மடங்கிக் கிடந்தது. துருவைச் சுரண்டி, வாஷர் போட்டு முறுக்கினோம். கேபிள் வேறு வாங்கி வந்து மாட்டினோம்.

அதன்பின் ஸ்டாப் கேபிளைப் பிடித்துச் சுற்றியதும் ஆயில் விளக்கு அணைந்தது. கேபிளை விட்டேன். இரண்டு இருமல், ஒரு கரும்புகை, பிறகு பிடித்துக்கொண்டது. ஐந்து மாதமாகக் காதில் இருந்த அந்தத் தடுமாற்றம் இல்லை. அப்பா பானட் இல்லாத முகப்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எதிர்வீட்டு அக்கா கற்பூரம் கொண்டுவந்தார்.

ஒரு வாரம் ராத்திரி ராத்திரி வண்டிக்கடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தேன். முதல் இரண்டு நாள் ஒரு சொட்டு ஆயில் விழுந்தது. பின்பக்க சீலாக இருக்குமோ என்று வயிற்றைக் கலக்கியது. டேப்பட் கவர் பேக்கிங்கிலிருந்து வழிந்ததுதான். இறுக்கியதும் நின்றது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைக்கு மூன்று நடை. பில், பழைய வண்டியின் காகிதம், விண்ணப்பம், வண்டியை நேரில் காட்டுதல். இன்ஜின் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் பிரின்ட் எடுக்க வேண்டும். புதுப்பேட்டையில் பாய் விரலை ஓட்டிப் பார்த்த அதே இடம். தாளில் எழுத்துகள் ஒவ்வொன்றாக, முனை மழுங்காமல் வந்தன.

2024 அக்டோபர் நடுவில் மறுபடியும் ரெட் அலர்ட் சொன்னார்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்த படங்கள் போனில் வந்துகொண்டே இருந்தன. நான் மதியமே லோடை முடித்துவிட்டு, எங்கள் பகுதியில் மேடான ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தினேன். ஏர் ஃபில்டர் வாயை பாலிதீன் சுற்றிக் கட்டினேன். பேட்டரி டெர்மினலைக் கழற்றி, ஸ்பேனரை வீட்டுக்கு எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தேன், நான் கேட்டாலும் மழை விட்டு ஃபில்டரைத் திறந்து பார்க்காமல் தர வேண்டாம் என்று சொல்லி. மறுநாள் மழை சொன்ன அளவுக்கு இல்லை. அதற்கும் அடுத்த நாள் காலையில்தான் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு போனேன்.